இருபத்தி மூன்று கேபி

இரவு பதினொன்றரை.
இறக்காமத்து வட்டைக்குள்
வெட்டு மிஷினை நிறுத்திப்போட்டு
அதன் படியில் குந்தியிருக்கிறேன்.
முதுகில் எஞ்சின் சூடு.
கையில் போன்.
இடம் போதாது என்கிறது.

விடிந்தால் பக்கத்துக் கண்டத்தை அளக்க வேண்டும்.
வரம்பு சுற்றி நடந்தால் ஏக்கர் சொல்கிற செயலி,
என்னைப் புதுசாக்கு, இல்லாட்டித் திறக்கமாட்டேன் என்கிறது.
புதுசாக்க அறுபத்தெட்டு எம்பி வேணும்.
கிடக்கிறது ஒன்பது.

பழைய போன். உள்ளே மொத்தமே எட்டு ஜிபி.
அதில் பாதியைக் கம்பெனிக்காரன்
தன் சாமானை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தான்.
போன வருசம் கல்முனையில்
ஜெஸீலின் கடையில் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து
ரூட் பண்ணி எடுத்தேன்.
"இப்ப நீங்கதான் முதலாளி, காக்கா.
எதையும் அழிக்கலாம்.
எதையும் எண்டா எதையும்.
ஒள்ளுப்பம் பார்த்து" என்றான்.

நான் பார்க்கவில்லை.
பங்குச் சந்தை நிலவரம் போனது.
டோக்கியோவில் இப்போது எத்தனை மணி, போனது.
பெயர் விளங்காத ஒன்றையும் போகச் சொன்னேன்.
அது எழுத்துப் பலகை.

எட்டு நாள் என் போனில் ஓர் எழுத்தில்லை.
மா வாங்கவா என்று கேட்கவும்
வாயைத் திறக்க வேண்டியிருந்தது.
ஜெஸ்மினா சிரிப்போடு குரல் அனுப்பினாள்:
"கலியாணம் முடிச்ச பதினாலு வருசத்தில
நீங்க இவ்வளவு பேசினதில்ல."

மறுகா, இன்றைய கதை.
மெமரிக் கார்டில் ஒரு துண்டு பிரித்து
கனத்த செயலிகளை அங்கே குடியேற்றினேன்.
(இந்தச் சொல்லை எங்கட பக்கத்தில்
கவனமாகத்தான் பாவிக்க வேணும்.)
பழைய இடத்தில் பெயர்ப்பலகை மட்டும்.
ஆள் உள்ளேதான் என்று போன் நம்பியது.
கார்டும் கிழடு. இரண்டை ஏற்றது,
மூன்றாவதைத் துப்பிவிட்டது.
முப்பத்தொன்று.

ஜும்ஆ முபாரக் ரோசாப்பூக்கள்
நானூற்றுச் சொச்சம் அழித்தேன்.
கணக்கு அசையவே இல்லை.
தேடிப் போனால், பெயருக்கு முன்னால்
ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு
ஒளிச்சுக் கிடக்கிறது ஒரு பெட்டி.
எப்போதோ அழித்த படமெல்லாம் அதற்குள்
நகமளவில்.
விற்ற மோட்டார் சைக்கிள்.
வெள்ளத்தில் அச்சு வரைக்கும் அமிழ்ந்த மிஷின்.
தாடி வளர்க்குமுன் ஹாரிஸ்,
கட்டாருக்குப் போகிற அன்று,
யாரோ கூப்பிட்டுத் திரும்பினவன் போல.
பெட்டியோடு போகட்டும் என்று அமத்தினேன்.
ஐம்பத்தெட்டு.

இன்னும் பத்து வேணும்.
குரல்கள் கிடக்கிற பெட்டி.
எல்லாவற்றையும் தெரிவு செய்து
விரல் இறங்கப் போகிற நேரம்
ஒன்றில் கண் பட்டது.

உதுமாலெவ்வைப் போடியார். பதினொரு செக்கன்.
இருபத்தி மூன்று கேபி.
எழுதிக் கேட்டால் ஒரு 'ம்' மட்டும் எழுதுகிற மனுசன்.
பலகை இல்லாத அந்த எட்டு நாளில்
நான் பேசிக் கேட்டேன்,
அவரும் பேசிவிட்டார்:
"ஏக்கருக்குப் பன்னிரெண்டு தாறன்,
நீ முதல்ல மிஷினக் கொண்டா."
பின்னால் ஒரு மாடு கத்துகிறது.

இன்று பின்னேரம் இருபத்தொரு ஏக்கரும் வெட்டி முடிய,
"பத்தெண்டுதானே தம்பி பேசின?"
நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டாயிரம்.
அவர் வானத்தைப் பார்த்தார்,
மழை வரும்போல கிடக்காம்.

மற்றக் குரல்களை அழித்தேன்.
ஜெஸ்மினாவின் சிரிப்பும் போயிற்று.
வீட்டில் அது இருக்குத்தானே.
இதை மட்டும் இருந்த இடத்தில் விட்டு,
கார்டில் ஒரு பிரதி வைத்து,
அவளுக்கும் ஒன்று அனுப்பினேன்.
"ஆரிட மாடு?" என்று பதில் வந்தது.
முழித்துத்தான் இருக்கிறாள்.

எழுபத்தி நான்கு.
செயலி ஏறியது, திறந்தது,
நான் நிற்கிற இடத்தைத் தேடியது.
நீலப் புள்ளி
இறக்காமத்துக் குளத்தின் நடுவில் போய் நின்றது.
போனை உயர்த்திப் பிடித்தேன்.
ஒள்ளம் நகர்ந்தது.
இன்னும் தண்ணீருக்குள்தான்.